கண்ணாடிக் குச்சியும் இரண்டு எண்ணெயும்

கடலை எண்ணெய் ஒளியை ஆய்வகக் கண்ணாடியைவிடச் சற்றுக் குறைவாக வளைக்கும். விளக்கெண்ணெய் சற்று அதிகமாக. சரிபாதி கலந்தால் கண்ணாடிக்குச் சமமாகும், உள்ளே விட்ட கண்ணாடிக் குச்சி மறைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஆரணியில் என்னோடு பட்டுத்தறியில் அறுந்த இழைகளைப் பிணைக்கும் மனைவியைக் கூப்பிட்டேன்.

“பொண்டாட்டிய உட்டுட்டு எண்ணெயோட குடித்தனம் பண்றீங்க” என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

குச்சியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். “நல்லா பாத்துக்க. இப்ப காணாம போவப்போவுது.”

“எதுங்க? வெறுங்கைய நீட்டிகினு கீறீங்க.”

குச்சி இன்னும் எண்ணெயைத் தொடவே இல்லை.

“எத்தினி நாளா இப்படி?”

“சொன்னா தறியில உக்கார உடமாட்டீங்களே” என்று தலைகுனிந்தாள்.

என் கணக்கு சரிதானா என்று அன்று நான் பார்க்கவில்லை. அவள் விரல்கள் இழையைத் தடவித் தேடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.