மாத்திரை போட்ட பிறகும் வரும் கோபம்

கண்ணாடியக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். கடையின் பின்பக்கத்து இருட்டறையில், நாற்காலியில் உட்கார்ந்தவரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டதா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் வேலை. எதிரே இருப்பவர் மங்கல் என்றால் மங்கல்தான். "உங்களுக்கு மங்கலாவெல்லாம் தெரியாது, சும்மா நடிக்கிறீங்க" என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கடைக்கு யார் வருவார்கள்?

அவளிடம் மட்டும் அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

அவள் மனசு ஒரு நிலையில் நிற்காது. சில வாரங்கள் கால் தரையில் படாது. சமையலறைச் சுவரின் நிறம் பிடிக்கவில்லை என்று விடியற்காலையிலேயே பெயின்ட் அடிக்க ஆரம்பிப்பாள். கடைக்கு வந்தவர்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்துவிடுவாள். பிறகு யாரோ பிளக்கைப் பிடுங்கியது போல எல்லாம் நின்றுபோகும். சுவர் பாதி மஞ்சளும் பாதி அழுக்குமாக நிற்கும், சாப்பிட வந்தவர்கள் வாசலில் நிற்பார்கள், அவள் தலைகூட வாராமல் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோபம் வரும் பாருங்கள், தட்டு, டம்ளர் எதுவும் தப்பாது. அப்புறம் அழுகை. அழுதுகொண்டே உடைந்ததையெல்லாம் கூட்டி அள்ளுவாள்.

இதற்குக் குடும்பத்தார் வைத்திருந்த பெயர் திமிர். சில நாள் கொழுப்பு. விருந்தாளிகள் முன்னால் நடந்தால் நடிப்பு. "எனக்கு என்னமோ ஆகுதுங்க, கொஞ்சம் புரிஞ்சுக்கோங்களேன்" என்று அவள் கெஞ்சினால், "உனக்கு என்ன குறை வெச்சேன்?" என்பார் கணவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல இருப்பவர். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, தம்பியைவிடக் கெட்டிக்காரி. "எங்கிட்ட ஒரு வாரம் விடு, சரி பண்ணிடறேன்" என்பாள், ஏதோ நெளிந்த பாத்திரத்தைத் தட்டி எடுப்பது போல.

கடைசியில் அவளே விசாரித்து ஒரு டாக்டரிடம் போனாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார், நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும் என்றும் சொன்னார். பிறகு கணவரைக் கூப்பிட்டு, "இது அவங்க தப்பில்ல. நீங்கதான் புரிஞ்சு நடந்துக்கணும்" என்றார். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவள் அழுதாள், சந்தோஷத்தில்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

கணவர் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடுகிறவர் இல்லை. புரிந்துகொள்ள ஆரம்பித்தார். வீடியோ பார்த்துப் புரிந்துகொண்டார், அலுவலகத்தில் நாலு பேரிடம் கேட்டுப் புரிந்துகொண்டார், போனில் அக்காவுக்கும் புரியவைத்தார். குரலைத் தாழ்த்தினார். வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தார். குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது, எத்தனை தடவைதான் சொல்வது என்று அவள் குரலை உயர்த்தினால், முன்பெல்லாம் பதிலுக்குக் கத்திவிட்டு ஆளைக் கூட்டி வருவார். இப்போது கனிவோடு அவள் தோளைத் தொட்டு, "மாத்திரை போட்டியாம்மா?" என்றார். குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

வெயில் தாங்கவில்லை என்றாள். மாத்திரை போட்டியா? கடை முதலாளி லீவு தர மறுக்கிறார் என்றாள். மாத்திரை போட்டியா? நாத்தனார் போனில் நலம் விசாரிப்பதே இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. அவளுடன் சண்டை போட அந்த வீட்டில் ஆளே இல்லாமல் போயிற்று. திமிர் பிடித்தவள் என்று சொன்ன காலத்தில்கூட அவளை ஒரு ஆளாக மதித்துத் திட்டினார்கள். இப்போது நோயோடு பேசினார்கள், அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் நாத்தனார் வந்தாள். டீ குடித்துக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள். "பரீட்சை முடியிற வரைக்கும் பாப்பா எங்க வீட்லயே இருக்கட்டும். உனக்கும் ரெஸ்ட்."

பாப்பா என்றால் அவளுடைய ஒரே மகள், பள்ளி இறுதி வகுப்பு. கணவர் தலையாட்டினார். விசாரித்ததில், படிப்பதற்கு மேஜை வாங்கிப் போட்டாயிற்று, ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று, அவளிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

காரணமில்லாமல் வருகிற கோபம் அவளுக்குப் பழக்கம். அது முதலில் வந்துவிடும், காரணத்தை அப்புறம்தான் தேடும். இது அப்படியில்லை. இது விலாசம் விசாரித்துக்கொண்டு நேராக வந்த கோபம். பெற்ற மகளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் முடிவெடுத்திருக்கிறார்கள், எந்தத் தாய்க்கும் வயிறு எரியும். இந்த ஒன்றையாவது இவர்கள் கோபம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

உள்ளே போய், அன்றைய மாத்திரையை எடுத்து வந்து, இருவர் கண் முன்னாலேயே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். வாயைத் திறந்துகூடக் காட்டினாள். பிறகு கடையில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"என் பொண்ணு எங்க இருக்கணும்னு என்னைக் கேக்காம முடிவு பண்ணிட்டீங்க. எனக்குக் கோபம் வருது. இது வியாதி இல்ல. கோபம்."

கணவர் முகம் மலர்ந்தது. "பாத்தியாக்கா? மாத்திரை உள்ள போனதும் எவ்வளவு நிதானமாப் பேசறா!"

"கைராசியான டாக்டர்டா" என்றாள் நாத்தனார்.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கத்தினால் நோய் கத்துகிறது, நிதானமாகச் சொன்னால் மாத்திரை சொல்கிறது. அவள் சொல்வதற்கு எதுவுமே மிச்சம் இல்லை.

அறைக் கதவு திறந்தது. மகள் வந்து நின்றாள்.

"அவங்களைத் திட்டாதம்மா. அத்தை வீட்டுக்குப் போறேன்னு நான்தான் கேட்டேன்."

"நீயா?"

"நான்தான். நீ தட்டை உடைச்சா அன்னிக்குப் பூரா எனக்குப் படிப்பு ஏற மாட்டேங்குது. நீ படுத்துட்டா, ஸ்கூல்ல உக்காந்துக்கிட்டு அம்மா எழுந்தாளா இல்லையான்னே யோசிச்சுட்டிருக்கேன். என்னால முடியலம்மா."

"அதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? அத்தைகிட்ட ஏண்டி போய்ச் சொன்னே?"

"உங்கிட்ட எப்படிச் சொல்றது? உன் குரல் கொஞ்சம் ஏறினா அப்பா மாத்திரையோட ஓடி வந்துடறாரு!"

"நான் என்ன, வேணும்னேவா உடைக்கிறேன்?"

"வேணும்னு இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா உடையுதே!"

"பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உனக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீ இப்படிப் பேசுவேன்னுதான் கேக்கல!"

குரல்கள் தெருவரைக்கும் போயின. கணவர் பதறிப்போய் ஒரு கையில் மாத்திரை அட்டையும் இன்னொரு கையில் தண்ணீருமாக நடுவில் வந்தார். மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அதைக் கொண்டுபோய் உள்ள வைங்க. உங்க முன்னாடிதானே போட்டாங்க? நான் கேக்காம பண்ணது தப்பு. அதுக்கு அம்மாவுக்குக் கோபம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அந்த வார்த்தையை அவளுக்காக இதுவரை யாரும் சொன்னதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மகள் சொன்னதில் பாதி நெஞ்சைச் சுட்டது, அத்தனையும் உண்மை. ஆனாலும் பல வருஷமாக மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவள் மூச்சு விட்டது போல அப்படியொரு நிம்மதி. "இப்ப எதுக்கு அழறா..." என்று ஆரம்பித்த நாத்தனார், பாப்பா பார்த்த பார்வையில் ஆறிப்போன டீயைக் குடித்தாள்.

அன்று இரவு மகள் முறைப்படி கேட்டாள். போ என்று அவள்தான் சொன்னாள், மனசே இல்லாமல். வீட்டில் அவளைப் புரிந்துகொண்டது ஒரே ஒருத்தி, அவளும் பெட்டி கட்டியாயிற்று. இனி கூட இருக்கப்போகிறவர் கணவர், பேர்போன புரிந்துகொள்கிறவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகள் வாசலில் நின்றாள். "சனிக்கிழமை வந்துடுவேன். பாக்கியை அப்ப கத்து."

"நீயும் பதிலுக்குக் கத்தணும்" என்றாள் அவள். "பாவம்னு விட்டுக் குடுத்தே, கெட்ட கோபம் வரும் எனக்கு."