கலக்காத ஆசிட்

எங்கள் அப்பாவுக்கு ஆசிட் என்றால் பயமே கிடையாது. திற்பரப்புப் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிறவர். ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து வெறுங்கையால் துழாவுவார். எத்தனை வருடம் நனைந்தும் அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்த வினை அதுதான்.

2009-ல் நாகர்கோவிலில் ஒரு பியூட்டி பார்லரில் என் பருத் தழும்புக்கு லாக்டிக் ஆசிட் பூசினார்கள். "மேல்தோல் உரிஞ்சு புதுத்தோல் வரும்" என்றாள் பூசியவள். உரிந்தது. புதிதாக வந்த தோலில் இடது கன்னத்தில் ஓரிடத்தில் நிறமே இல்லை. தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வெண்தோல் குடும்பம் என்று பெயர் விழுந்தால் அவளை எவன் கட்டுவான் என்று அப்பாவுக்கு வெறி பிடித்துவிட்டது.

ஒருநாள் என் முடியைக் கொத்தாகப் பிடித்து, ஷீட் அடிக்கிற மெஷின்புரைக்கு இழுத்துப்போனார். உருளைமேல் என் தலையை அழுத்தினார்.

"அவ பூசுனது தண்ணி ஆசிட்டு. இன்னொருக்க நல்லா உரிஞ்சா சரியாவும். அடங்கிக் கெடட்டி சவமே."

தண்ணீர் கலக்காத ஆசிட்டைப் பஞ்சில் முக்கிக் கன்னத்தில் வைத்தார். தோல் வெந்தது. அவர் மணிக்கட்டைக் கடித்தேன், ரத்தம் வாயில் வந்தும் விடவில்லை. ஆசிட் குப்பி சரிந்து கடிபட்ட அந்தக் கையிலும் கொட்டியது. என்னை எட்டி உதைத்தார். இந்த ஆள் செத்துத் தொலையட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். அதற்காக இன்றும் எனக்கு வருத்தமில்லை.

புண் ஆறியதும் என் கன்னம் பாதி வெளுத்திருந்தது. அவர் மணிக்கட்டும் வெளுத்திருந்தது.

பூதப்பாண்டியிலிருந்து தங்கச்சியைப் பெண் பார்க்க வந்த அன்று அப்பா என்னை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். நேந்திரங்காய் சிப்ஸ் தட்டை நீட்டியபோது சட்டைக் கை மேலே ஏறிவிட்டது.

"இது வெண்தோலா? குடும்பத்துல உண்டா?" மாப்பிள்ளையின் அம்மா கேட்டது எனக்கு உள்ளே கேட்டது.

"இல்ல, ஆசிட்டு பட்டது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ."

கதவு திறந்தது. "ஏட்டி, நீ வந்து சொல்லு, ஆசிட்டுதான்னு" என்றார் அப்பா. கெஞ்சுகிற குரல்.

வெளிச்சத்தில் போய் நின்று முகத்தைக் காட்டினேன். "ஆசிட்டுதான். வச்சது இவரு."

அவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். வாசலில் செருப்புச் சத்தம் ஓய்வதற்குள் அப்பா என்மேல் கையை ஓங்கினார். பட்டுப்புடவையோடு ஓடி வந்த தங்கச்சி, அந்த வெளுத்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்காளத் தொட்டா நானும் கடிப்பேன்."

அப்பா கையை இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை.