தேங்காய் துருவியால் தள்ளிய பிஸ்டன்

பிரேக் ஒயில் வாசனை சோப்புப் போட்டாலும் சட்டென்று கையை விட்டுப் போகாது. இன்று காலை மகளுடைய காருக்கு முன் சக்கரங்களில் பிரேக் பேட் மாற்றினேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை கழுவியும், தேத்தண்ணிக் கோப்பையை வாயருகே கொண்டுபோனால் தேயிலைக்கு முன்னால் அந்த வாசனைதான் வந்து நிற்கிறது. கராஜில் விடுங்கள் என்றுதான் மகள் சொன்னாள். மாத்தளை டவுனில் கராஜுக்கா பஞ்சம்? ஆனாலும் இந்த ஒரு வேலையை வெளியே கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. கஞ்சத்தனம் என்று மருமகன் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

வேலை ஒன்றும் பெரியதல்ல. பேட் தேயத் தேய, அதை அழுத்துகிற பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். புதுப் பேட் தடிப்பாக இருக்கும். ஆகவே வெளியே வந்த பிஸ்டனை மறுபடியும் உள்ளே தள்ளினால்தான் அது உட்காரும். தள்ளுவதற்கென்றே மருமகன் ஒரு கருவி வரவழைத்துத் தந்திருக்கிறார். சிவப்புப் பெட்டியும், அதற்குள் அளவளவாகத் தட்டுகளும், நடுவே திருகுமாகப் பார்க்கவே அழகாக இருக்கிறது. அதை இரண்டு திருகு திருகிவிட்டு மூடி வைத்தேன். பிறகு என் பழைய தகரப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தேங்காய் துருவியை எடுத்தேன்.

சிரிக்காதீர்கள். மேசை விளிம்பில் திருகிப் பொருத்தி, கைப்பிடியைச் சுற்றித் துருவுவோமே, அந்த வகைதான். தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாக் குசினியிலிருந்து கழித்துப் போட்டதை யாரோ கொண்டுவந்து பார்வதிக்குக் கொடுத்திருந்தார்கள். பங்களா மேசை தடிப்பு என்பதால் அதன் வாய் நன்றாக அகலத் திறக்கும். எங்கள் வீட்டுப் பலகைக்கு அது ரொம்பப் பெரிசு. பார்வதி இடையில் ஒரு விறகுத் துண்டைச் செருகித்தான் இறுக்குவாள். பார்வதி என் மனைவி. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

அப்போது நாங்கள் மாத்தளைக்கு மேலே எல்கடுவைத் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு. முன்னால் ஒரு சின்ன முற்றம், முற்றம் முடிகிற இடத்தில் அடுக்கி வைத்த விறகு அட்டி, அதற்குப் பிறகு சரிவு. தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, இருந்த நகையையெல்லாம் வேனாக மாற்றி, மாத்தளைப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். எல்கடுவையிலிருந்து இறங்குகிற பாதை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. வளைவு முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். எஞ்சின் இல்லாமல்கூட அதில் இறங்கிவிடலாம், பிரேக் இல்லாமல் முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன் பிரேக் தகரத்தைச் சுரண்டுவதுபோலச் சத்தம் போட ஆரம்பித்தது. டவுனில் கராஜ்கள் பூட்டு. பேட் முன்பே வாங்கி வைத்திருந்தேன். சக்கரத்தைக் கழற்றி, பிஸ்டன் இருக்கிற கெலிப்பரைக் கம்பியில் தொங்கவிட்டு, பிஸ்டனைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. சுத்தியல் பிடியால் நெம்பினேன். என் விரல்தான் நசுங்கியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போனபோது மேசை விளிம்பைக் கவ்விக்கொண்டிருந்த துருவி கண்ணில் பட்டது. பார்வதி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, அது தேங்கா துருவுற சாமான்."

அவள் சொல்லி முடிக்கும்போது நான் முற்றத்தில் இருந்தேன். பழைய பேட்டைப் பிஸ்டனுக்கு மேல் வைத்து, துருவியின் வாயால் கவ்வி, திருகினேன். வெண்ணெயில் விரல் இறங்குவதுபோல் பிஸ்டன் உள்ளே போனது. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. போன வாரம்தான் பிரேக் ஒயில் டப்பாவை விளிம்புவரை நிரப்பி வைத்திருந்தேன் என்பது மறந்துபோனது. பிஸ்டன் உள்ளே போகப் போக மேலே அது பொங்கி வழிந்து, பெயின்டையும் துருவியையும் நனைத்தது. பார்வதி துருவியை மோந்து பார்த்தாள். இனி இது உங்களுடைய சாமான் என்று சொல்லிவிட்டு, பாதித் தேங்காயைத் துருவப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடியும்போது பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு முற்றத்து ஓரத்தில் வந்து நின்றார்கள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் சிலரும் கூட வந்திருந்தார்கள். நான் ஏறப் போனபோது பார்வதி முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். எங்கள் வாயில் அது தேசிக்காய். வேன் வாங்கிய அன்று வைத்தாகிவிட்டதே என்றேன். சக்கரத்தைக் கழற்றினால் புது வண்டி மாதிரித்தான் என்பது அவள் சட்டம். பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் நசுக்க வேண்டும் என்றாள். விட்டுக்கொடுப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வண்டியை நகர்த்தினேன்.

தேசிக்காய் நசுங்கியது. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போனது, வண்டி நிற்கவில்லை. கை பிரேக்கை இழுக்கிறதற்குள் விறகு அட்டியில் மோதி, பாதி விறகு சரிவில் உருண்டது. விசயம் சின்னதுதான். பிஸ்டனை உள்ளே தள்ளினால், பெடலைப் பல தடவை மிதித்து அது மறுபடி பேட்டைத் தொடும்வரை கொண்டுவர வேண்டும். அதை நான் செய்யவில்லை. அந்தத் தேசிக்காய் இல்லாமல் போயிருந்தால், பிள்ளைகளோடு முதல் வளைவில்தான் எனக்கு அது தெரிந்திருக்கும்.

பெடலை மிதித்து மிதித்து இறுக்கினேன். ஆனால் ஒரு தாய் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் போகட்டும் என்று மெதுவாகச் சொன்னாள். ஒரு பிள்ளை போனால் எல்லாப் பிள்ளைகளும் போய்விடும். வேன் போனால் எங்களிடம் வேறொன்றும் இல்லை. பார்வதி இன்னொரு தேசிக்காயைக் கொண்டுவந்து வைத்தாள். மறுபடி ஏற்றி, மிதித்தேன்.

"நின்னுச்சா?" என்றாள்.

"நின்னுச்சு."

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சுற்றி வந்து, எனக்கு இடப்பக்கத்து முன் சீட்டில் ஏறினாள்.

"மொதல்ல நான் போறேன். நம்பிக்கை இருக்கிறவங்க புள்ளைங்கள ஏத்துங்க."

பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கையைப் பிடித்திருந்த தாய் கடைசியாக விட்டாள். மாத்தளைவரை ஒவ்வொரு வளைவிலும் எனக்கு முன்னாலேயே பார்வதியுடைய வலது கால் தரையை அழுத்தியது. அவள் கோயில் வாசலில் இறங்கி அம்மனுக்கு ஒரு சூடம் கொளுத்திவிட்டு வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது, அவளுக்கு என் பிரேக்கில் துளியும் நம்பிக்கை இருக்கவில்லை. அப்படியிருந்தும் ஏறினாள்.

அன்று ஏறியவள் பிறகு இறங்கவேயில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று தினமும் அந்தச் சீட்டில் வந்தாள். பேட் மாற்றும்போதெல்லாம் தேசிக்காய் வைத்துவிட்டு, "நின்னுச்சா?" என்று கேட்பாள்.

இப்போது எல்கடுவை வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். இங்கே மகள் வீட்டுக் குசினியில் துருவத் தேவையில்லாத தேங்காய்ப் பால் மாப் பாக்கெட் இருக்கிறது. போன வருடம், பார்வதி போய்ச் சேர்ந்த பிறகு, வேனையும் விற்றேன். வாங்க வந்தவர் உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, இடப்பக்கத்தில் தரை ரப்பர் ஓட்டையாகத் தேய்ந்திருப்பதைக் காட்டினார். இந்தப் பக்கம் பெடல் இல்லையே என்று கேட்டார். சாவியை அவர் கையில் வைத்தேன்.

இன்று பெடலை நன்றாக மிதித்து இறுக்கிய பிறகும், ஒரு தேசிக்காயை நானே சக்கரத்தடியில் வைத்தேன். ஏற்றினேன், மிதித்தேன், நின்றது. இடப்பக்கம் திரும்பி, "நின்னுச்சு" என்றேன். மகளின் காரில் அந்தப் பக்கத்துத் தரை ரப்பர் புதிதாக, மடிப்புக்கூடக் கலையாமல் கிடந்தது.