அக்காவின் நாவலுக்கு ஒரு மதிப்புரை

வாரப் பத்திரிகையில் புத்தக மதிப்புரை எழுதும் அவளுக்கு எழுத்தாளர்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல். பகலில் வங்கி வேலை, மாலையில் பத்திரிகை அலுவலகத்து மூலையில் ஒரு மேசை. தெரிந்தவர் புத்தகமாயிற்றே, கொஞ்சம் பார்த்து எழுதக் கூடாதா என்று யார் கெஞ்சினாலும், தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சிரித்தே அனுப்பிவிடுவாள். அதே அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் அவளுடைய அக்கா ஒரு நாவல் எழுதும்வரைக்கும் அந்த வீறாப்பு நன்றாகத்தான் இருந்தது.

நாவலில் ஒருத்தியைக் கணவன் விட்டுவிட்டுப் போகிறான். அவள் கோபத்தோடே பிள்ளைகளை வளர்க்கிறாள். கடைசியில் அவன் திரும்பி வந்து நிற்க, ஒரு வார்த்தை பேசாமல் சோறு போடுகிறாள். தங்கை இரண்டு முறை படித்தாள். அந்த இடம் பொய்யென்று பட்டது. ஆனால் கூடப்பிறந்தவள், ஐம்பது வயதில் முதல் புத்தகம், அதை எழுதக் கை வரவில்லை. ‘எளிய நடை. விறுவிறுப்பான கதை. எல்லோரும் படிக்க வேண்டிய நூல்’ என்று பூசி மெழுகிக் கொடுத்தாள். கத்தரிக்கோலும் மழுங்கும் போலிருக்கிறது.

பத்திரிகைப் பக்கத்தில் வைக்கும்போது அக்கா அதைப் படித்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“பாதியில மூடி வச்ச புத்தகத்துக்கெல்லாம் நீ இந்த மூணு வரியத்தானே எழுதுவ? எல்லாத்தையும் பக்கத்துல வைக்கிறவ நான், எனக்குத் தெரியாதா? என்னதையும் படிக்கலையாடி?”

படித்தேன் என்றால் இனி யார் நம்புவார்கள்? தங்கையை வெட்கம் பிடுங்கித் தின்றது. மதிப்புரை என்பது, யோசித்துப் பார்த்தால், ஒருவர் எழுதியதை இன்னொருவர் உட்கார்ந்து படித்தார் என்பதற்குச் சாட்சி. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சொன்ன சாட்சியைச் சொந்த அக்காவுக்குச் சொல்லாமல் விட்டாள்.

மறுநாள் வேறொரு மதிப்புரை எழுதினாள். நல்லதை நல்லது என்றாள். சோறு போடும் இடத்தைப் பற்றி, ‘இத்தனை பக்கம் கொதித்தவளின் வாயை ஆசிரியர் பொத்திவிட்டார்’ என்றும் எழுதினாள். அதை அக்காவிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

மதிப்புரை ஒதுக்கிய இடத்தை மீறி நீண்டிருந்தது. இடம் போதாவிட்டால் வரிகளை வெட்டச் சொல்வதுதான் அக்காவின் வழக்கம். இன்று எதை வெட்டச் சொல்வாள் என்று தங்கைக்குத் தெரியாதா என்ன? அக்கா மதிப்புரையோடு வரவிருந்த தன் நாவலின் அட்டைப்படத்தைத் தூக்கிவிட்டு, மதிப்புரை முழுவதையும் பக்கத்துக்குள் இறக்கினாள்.

“அந்த இடத்துல அவ பேசுவா. நாலு பக்கம் எழுதியிருந்தேன்,” என்றாள், கணினித் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். “உங்க அத்தான் படிப்பாரேன்னு எடுத்துட்டேன்.”