காவலுக்கு ஒரு காவல்

தோழிகளே, இன்று மாலை பஸ்ஸில் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதி, நம் விடுதிப் பலகையில் ஒட்டுகிறேன்.

ஊரிலிருந்து திரும்பும்போது, கீரனூர்ப் பக்கம் பாலத்துச் சுங்கச்சாவடியில் பஸ் நின்றது. குறுக்குமரத்துக்கு அப்பால் கண்மாய்த் தண்ணீர் சிவந்து கிடந்தது. வண்டி மாடுகள் நின்றபடியே தூங்குவதுபோல் இருந்தன.

முன் சீட்டில் இருந்த புகையிலை வியாபாரி பேசிக்கொண்டு வந்தார்.

"வசூல் பண்ண ஒரு குத்தகைக்காரரு. அவரு ஒழுங்கா ரசீது குடுக்குறாரான்னு பாக்க ஒரு சர்க்கார் ஆளு. அந்த ஆளைப் பாக்க ஜீப்புல ஒரு ஆபீசரு. வர்ற குத்தகைப் பணம் இவுக சம்பளத்துக்கும் பெட்ரோலுக்குமே காணாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "படிக்கிற புள்ள, நீ சொல்லு தாயி. சர்க்காருக்கு இது கட்டுப்படி ஆகுமா?"

யோசித்துப் பார்த்தேன். "கட்டாதுங்க. சாவடியையே எடுத்துடலாம்" என்றேன்.

அந்தச் சர்க்கார் ஆள் என் அப்பா. அந்த வேலை போனால் என் படிப்பும் நின்றுவிடும்.

அப்பா என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலருகே வந்தார். நான் சொன்ன பதிலை அவரிடமே சொன்னேன்.

"சரியாத்தானே சொல்லியிருக்க" என்று சிரித்தார். "எடுத்துட்டா நானும் ஒங்க விடுதிக்கே வாரேன். சோறு போடுவாகளா?"

வியாபாரி முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பஸ் கிளம்பியதும் கண்ணயர்ந்தேன். கனவில் குறுக்குமரம் தானாக மேலே போயிற்று. வண்டிகள் மணியோசையோடு நிற்காமல் போயின. ரோடு அவ்வளவு அழகாக இருந்தது. அப்பாவை மட்டும் எங்கும் காணவில்லை.

சரியான விடையைச் சொல்லிவிட்டு, அது பலிக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வது எந்தப் பாடத்தில் வருகிறது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

வார்டன் அம்மா விளக்கை அணைக்க வந்துவிட்டார்.