நோரீன் க்ரெப்ஸ் கையெழுத்துப் போட மறுத்த கிரில்

முற்றத்தில் வைத்துக் கறி சுடும் கிரில் அடுப்பின் மூடியைத் தூக்கிப் பிடித்து, சட்டென்று கையை விட்டுவிடுவாள் நோரீன் க்ரெப்ஸ். கனத்த இரும்பாக இருந்தால் 'தொம்' என்று இறங்கி அடங்கும். மெல்லிய தகடாக இருந்தால் தகர டப்பா மாதிரி 'டங்' என்று கத்தி, இன்னொரு தரம் அதிரும். அப்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்த்தே, கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கிரில்லை விட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அமெரிக்காவின் ஓரிகனில், வில்லாமெட் பள்ளத்தாக்கின் ஒரு சின்ன ஊரில் இருந்தது அந்தக் கடை. கோழித்தீவனம், வேலிக்கம்பி, ரப்பர் பூட்ஸ் எல்லாம் விற்பார்கள். மழை கொஞ்சம் விட்டால் கிரில்களும் வாசலுக்கு வரும். உதிரி உதிரியாகப் பெட்டியில் வருவதைப் பூட்டி நிறுத்துவது நோரீனின் வேலை. பூட்டி முடித்ததும், காலில் தொங்கும் அட்டையில் பூட்டியவர் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு அறுபத்தொரு வயது. தன் பெயர் தொங்குகிற பொருள் மட்டமாக இருந்தால், தன்னையே மட்டம் என்று சொன்னதுபோல அவளுக்குப் பொத்துக்கொண்டு வரும்.

கோபம் அவளுக்குப் புதிதல்ல. பதினொரு வயதில் வாங்கிய சாப்பாட்டுப் பெட்டியின் கைப்பிடி முதல் வாரமே கழன்று விழுந்தபோது, அந்தக் கம்பெனிக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதியவள். பதில் இன்னும் வரவில்லை என்று இப்போதும் சொல்வாள். பிறகு பத்தொன்பது வருடம், வீட்டைச் சூடாக்கும் பெல்லட் அடுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் சரிபார்க்கும் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை, லாரி கிளம்பத் தயாராக நின்றபோது, கதவு இடுக்கில் காகிதம் நுழைகிறது என்று நாற்பது அடுப்புகளைத் திருப்பி இறக்கவைத்தாள். அன்றிலிருந்து அங்கே அவளுக்கு 'முடியாது க்ரெப்ஸ்' என்று பெயர். கல்யாணமும் இதனால்தான் முறிந்தது. கணவன் ரே பழைய படகுகளை வாங்கி விற்பவன். "அடிப்பலகை உளுத்துப் போச்சு, கூட்டிட்டுப் போய்க் காட்டுனாரா?" என்று வாங்க வந்தவரிடம் கேட்டுவிட்டாள். அந்த மாதமே ரே பெட்டியைக் கட்டினான்.

தொழிற்சாலை மூடியதும்தான் இந்தக் கடைக்கு வந்தாள். ஆறு வருடம் பெரிய சண்டை எதுவும் இல்லாமல் போனது. அப்புறம் ஒரு ஏப்ரலில் டிம்பர்ஹார்ன் என்ற புது கிரில் வந்து இறங்கியது.

விலை ஆயிரத்து நூறு டாலர். முன்னால் கைபேசி அளவுக்கு வண்ணத் திரை. வீட்டுக்குள் சோபாவில் இருந்தபடியே கிரில்லின் சூட்டைக் கைபேசியில் கூட்டலாம், குறைக்கலாம். நோரீன் மூடியைத் தூக்கிவிட்டாள். 'டங்.' சக்கரம் பிளாஸ்டிக். கொழுப்பு வடியவேண்டிய தட்டு மேசைபோல மட்டமாகக் கிடந்தது. காலை இறுக்கும்போதே பெயின்ட் செதிலாக உரிந்தது.

"கர்ட், இங்க வாங்க," என்று மேனேஜரைக் கூப்பிட்டாள். "ஆயிரத்து நூறு டாலர்ல ஆயிரம் அந்தத் திரைக்குப் போயிருக்கு. மிச்ச நூறுலதான் கிரில்லு செஞ்சிருக்கான்."

கர்டுக்கு நாற்பது வயது. சத்தத்துக்குப் பயந்த மனிதர். "நோரீன், ஜனங்க அந்தத் திரையைத்தான் கேக்குறாங்க."

"திரையிலயா கறி வேகும்?"

"வாங்க வர்றவங்ககிட்ட மட்டும் இதைச் சொல்லாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முதலில் வாங்கியது அவள் தம்பி டுவேன். முப்பது வருடம் தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன், அந்த மகிழ்ச்சிக்குத் தனக்குத்தானே வாங்கிக்கொண்ட பரிசு அது. "வேண்டாம்டா," என்றாள் அக்கா. "உனக்கு எதுதான்க்கா பிடிச்சிருக்கு? சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல் கதவு கீல் சரியில்லன்னு திரும்பி வந்துருவே," என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏற்றினான்.

மே மாதத்து முதல் ஞாயிறு, ஓய்வு விருந்து. காலை ஆறு மணிக்கே பெரிய மாட்டு நெஞ்சுக்கறியை கிரில்லில் ஏற்றி, மெல்ல வேகட்டும் என்று இருநூற்று இருபத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட் வைத்துவிட்டு, டுவேன் குடும்பத்தோடு தேவாலயத்துக்குப் போனான். பூசையில் கைபேசியை அணைத்து வைத்தான். நோரீன் நண்பகலில் மேரியன்பெரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தோடு வந்து சேர்ந்தபோது முப்பது பேர் முற்றத்தில் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். டுவேன் மட்டும் கிரில்லுக்கு முன்னால் செத்த நாயைப் பார்ப்பதுபோல நின்றான். தீ எப்போதோ அணைந்திருந்தது. கறி வெதுவெதுப்பாக, சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"மறுபடி பத்தவைக்கிறேன்," என்று பொத்தானை அழுத்தினான். பத்து நிமிடம் வெள்ளைப் புகை சுருண்டது. திடீரென்று 'புஸ்ஸ்' என்று தீ கிளம்பி மூடியைத் தள்ளித் திறந்தது. டுவேனின் இடது புருவம் கருகிப்போனது. முப்பது பேரும் பீன்ஸும் கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலடும் தின்றுவிட்டு, "நல்லா இருந்துச்சு டுவேன்" என்று பொய் சொல்லிக் கிளம்பினார்கள்.

எல்லாரும் போனபின் நோரீன் பெல்லட் தொட்டியைத் திறந்தாள். பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன உருளை. தொட்டியிலிருந்து சரிந்து விழும் அதை, அடியில் சுழலும் திருகு தள்ளிக்கொண்டுபோய்த் தீக்கிண்ணத்தில் போடும். இங்கே இரண்டு பக்கமும் பெல்லட் குவியல் அப்படியே ஒட்டி நிற்க, நடுவில் மட்டும் கிணறு தோண்டியதுபோலப் பள்ளம். திருகு வெறும் காற்றைத் தள்ளியிருக்கிறது. தீ அணைந்திருக்கிறது. சூடு குறைகிறதே என்று இயந்திரம் இன்னும் வேகமாகத் திருகைச் சுற்றியிருக்கிறது. கடைசியில் ஓரக்குவியலில் ஒரு பகுதி பொலபொலவென்று சரிந்து, அணைந்த கிண்ணத்தில் மலையாகக் கொட்டியிருக்கிறது. டுவேன் பற்றவைத்தது அந்த மலையை.

காரிலிருந்து கோணமானியை எடுத்துவந்து தொட்டியின் சரிவில் வைத்தாள். இருபத்தெட்டு பாகை.

"இருபத்தெட்டா!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "எங்க அடுப்புல நாப்பத்தஞ்சுக்குக் கீழ ஒருத்தனும் வளைச்சதில்லடா. கத்துக்க வந்த முதல் நாளே சொல்லிக்குடுப்பாங்க. பெல்லட் இதுல எப்படிடா சரியும்? சப்பாத்துப் போட்டு நடந்தா வரும்?"

"எனக்கு என்னக்கா தெரியும்," என்றான் டுவேன், புருவத்தில் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு.

"உனக்குத் தெரிய வேண்டாம். செஞ்சவனுக்குத் தெரியணும்."

திங்கட்கிழமை கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். நாற்பது நிமிடம் கிட்டார் இசை கேட்டபின் தேன் குரலில் ஒரு பெண் வந்தாள்.

"எங்க கம்பெனி பெல்லட்தான் போட்டீங்களா மேடம்?"

"ஆமா."

"அப்போ ஈரம் பட்டிருக்கும்."

"அன்னைக்குப் பிரிச்ச பை."

"அப்படின்னா தொட்டியை நீங்க அப்பப்போ பார்த்துக்கிட்டே இருக்கணும் மேடம். கையேட்டுல போட்டிருக்கோம்."

"பக்கத்துலயே காவல் காக்கணும்னா கைபேசி எதுக்கும்மா? உங்க தொட்டிச் சரிவு இருபத்தெட்டு. யாரு வரைஞ்சது? அந்த ஆளைக் கூப்பிடு, நான் பேசுறேன்."

"உங்க கருத்தைப் பதிவு பண்ணிட்டேன் மேடம். இனிய நாளா அமையட்டும்."

நோரீன் ஃபோனைப் படீரென்று வைத்தாள். ஏமாற்றியதைக்கூட அவள் பொறுப்பாள். ஏமாந்தவன் மேலேயே பழியைப் போட்டுவிட்டு, அதற்கு இனிய நாள் வேறு!

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, கம்பெனியே கடை வாசலுக்கு வந்தது. ப்ரெஸ்டன் என்று ஒருவன்; சலவை மடிப்புக் கலையாத சட்டை, வெள்ளைப் பல். டிம்பர்ஹார்னைப் பற்றவைத்து, பன்றி விலாக்கறியை அடுக்கி, ஆப்பிள் சாற்றைத் தெளித்து, இருபது முப்பது பேரைச் சுற்றிலும் நிற்கவைத்துவிட்டான். நோரீன் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணிக்கு ஒரு தரம், பேசிக்கொண்டே, சட்டைப் பையிலிருந்து ஒரு மரத்துடுப்பை எடுத்துப் பெல்லட் தொட்டியில் விட்டு ஒரு கிளறு கிளறினான். மறுபடி பைக்குள் செருகினான். மூன்றாவது தரம் அவள் முன்னால் வந்துவிட்டாள்.

"எதுக்குக் கிளறுறீங்க?"

"சும்மா, அளவு பார்க்குறேன் மேடம்."

"அளவு கண்ணால பார்த்தாத் தெரியாதா?"

கூட்டத்தில் ஹேசல்நட் கொட்டைத் தோப்பு வைத்திருக்கும் லோவல் கிழவர் நின்றிருந்தார். "தம்பி, கஞ்சியா காய்ச்சுறே? அடி பிடிச்சிருமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"அந்தத் துடுப்பை இப்படிக் குடுங்க," என்றாள் நோரீன். "ரெண்டு மணி நேரம் யாரும் தொட வேண்டாம். வாங்குறவன் வீட்ல துடுப்போட ஒரு ஆளு நிக்க மாட்டான்ல?"

கர்ட் கதவருகிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டினார். ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் ப்ரெஸ்டனால் மறுக்க முடியவில்லை. துடுப்பைக் கொடுத்தான். பேச்சும் கொஞ்சம் குறைந்தது. ஜனங்கள் போவதும் காப்பியோடு திரும்பி வருவதுமாக இருந்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு திரையில் எண் இறங்க ஆரம்பித்தது. இருநூறு. நூற்றெழுபது. நூற்று நாற்பது. தொட்டிக்குள் பெல்லட் சரசரவென்று சரியும் ஓசை. ப்ரெஸ்டன் பதறிப்போய்ப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனான்.

"தொடாதே!" பாய்ந்து போய் மின்கம்பியைப் பிடுங்கினாள். "இப்போ பத்தவச்சே, முதல் வரிசையில நிக்குற குழந்தைங்க மூஞ்சி போயிரும். கறியை எடு. தட்டை எடு. கிண்ணத்தைப் பாரு."

தீக்கிண்ணம் நிரம்பி வழிந்து, சுற்றிலும் பெல்லட் குவிந்திருந்தது. முன்பணம் கட்டியிருந்த ஒரு தம்பதி கர்டைத் தேடி உள்ளே போனார்கள்.

கூட்டம் கலைந்தபின், கிண்ணத்தை அள்ளிக்கொண்டே ப்ரெஸ்டன் மெதுவாகச் சொன்னான்: "ஆபீஸ்ல தெரியும் மேடம். போன வருஷமே தெரியும். அதான் எங்க எல்லாருக்கும் துடுப்பு குடுத்திருக்காங்க."

நோரீன் கையிலிருந்த துடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெரியாமல் செய்த தப்பு என்றால் முட்டாள்தனம் என்று விட்டுவிடலாம். தெரிந்து, தொட்டியைத் திருத்தாமல், துடுப்பு செய்து கொடுத்திருக்கிறார்கள்!

திங்கட்கிழமை கர்ட் இன்னும் நான்கு டிம்பர்ஹார்ன் பெட்டிகளைக் காட்டினார். நோரீன் நான்கையும் ஒழுங்காகப் பூட்டி, ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கி, அட்டைகளை வெறுமையாக விட்டாள்.

"கையெழுத்துப் போடுங்க நோரீன். போடாம விக்க முடியாது."

"முடியாது."

"பூட்டுனதுக்கு மட்டும்தானே கையெழுத்து? கிரில்லு நல்லதுன்னு யாரு சொல்லச் சொன்னா?"

"அப்போ நீங்களே போடுங்க கர்ட். உங்க பேரும் நல்ல பேருதானே?"

கர்ட் பேனாவை எடுத்தார். முதல் அட்டையைக் கையில் பிடித்தார். வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு பேனாவைச் சட்டையில் செருகிவிட்டு, நான்கு கிரில்களையும் ஒவ்வொன்றாகப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவளைத் தீவனப் பக்கம் மாற்றிவிட்டதும் அதே நாள்தான். அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தம்பியின் கிரில்லை அவளே சரிசெய்தாள். பழைய கோப்பு அலமாரி ஒன்றின் பக்கத்தகட்டை வெட்டி, நாற்பத்தைந்து பாகைக்கு வளைத்து, தொட்டிக்குள் இறக்கினாள். அடுத்த ஞாயிறு பதினான்கு மணி நேரம் அணையாமல் எரிந்தது. சேதி பரவி, வேறு கடைகளில் டிம்பர்ஹார்ன் வாங்கிச் சூடுபட்ட பதினோரு பேர் அந்தக் கோடையில் அவள் வீடு தேடி வந்தார்கள். எல்லாருக்கும் வளைத்துக் கொடுத்தாள், எல்லாரையும் திட்டிக்கொண்டே. "எனக்கு நன்றி சொல்லாதீங்க. கம்பெனிக்காரனுக்கு நாலு வார்த்தை நறுக்குன்னு எழுதுங்க." சிலர் எழுதவும் செய்தார்கள்.

மறு வருடம் மார்ச்சில், தீவனத்தோடு ஒரு சின்னப் பெட்டி கடைக்கு வந்தது. உள்ளே டிம்பர்ஹார்ன் பெயர் பொறித்த பன்னிரண்டு உறைகள். 'சீரோட்ட மேம்பாட்டுத் தகடு. நாற்பத்தொன்பது டாலர்.' பிரித்தால், வளைத்த தகடு ஒன்றும் திருகாணி இரண்டும்.

விஷயம் கேட்டு வந்த டுவேன், "நல்லதுதானேக்கா. நீ கத்துனது அவங்க காதுல விழுந்திருக்கு," என்றான்.

"விழுந்திருக்கா? காதுல விழுந்ததுக்கு நம்மகிட்டயே காசு கேக்குறான்டா! அவன் பண்ணின கோளாறு, அதுக்கு மருந்தும் அவன்தான் விப்பானாம்!" கோணமானியை எடுத்துத் தகட்டில் வைத்தாள். முகம் சிவந்தது. "முப்பத்தெட்டு. இதுலயும் ஏழு பாகை திருடிட்டான், பாவி."

பன்னிரண்டையும் அவள்தான் கடை அலமாரித் தட்டில் அடுக்க வேண்டியிருந்தது, அடுக்கினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கார்ன்ஃபிளேக்ஸ் அட்டையில் தகட்டின் வடிவத்தை வெட்டி, எங்கே மடிக்க வேண்டும் என்று கோடு போட்டு, '45, குறையக் கூடாது' என்று எழுதி, பக்கத்து ஆணியில் மாட்டினாள். எடுத்துப்போகச் சொல்லி ஒரு கட்டு. கர்ட் அந்த வழியாக மூன்று தடவை போனார். மூன்று தடவையும் எதிர்ப்பக்கம் தொங்கிய கடிவாளங்களை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டே போனார்.

ஜூனுக்குள் அட்டை வடிவங்கள் அறுபது போயின. தகடு ஒன்றுகூடப் போகவில்லை. பன்னிரண்டு உறையையும் கர்ட் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார். ஏன் திருப்புகிறீர்கள் என்று கேட்கும் கட்டத்தை நிரப்பச் சொல்லி நோரீனைக் கூப்பிட்டார். அரைமணி நேரம் உட்கார்ந்து, கட்டம் போதாமல், பின்பக்கம் முழுக்க எழுதி, கீழே கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.