முன்கூட்டியே போட்ட மொட்டை

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, நண்பர்கள் சேர்ந்து வேலைவாய்ப்பு முகாம் நடத்தினோம். விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. மழித்த தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. எதற்குப் பதில் சொன்னாலும், முதலில் இல்லாத முடியை ஒருமுறை கோதிக்கொள்வார். விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்திலோ அடர்ந்த சுருட்டை முடி.

“வேலை கெடைச்சப்புறம்தானே மொட்டை போடுவாங்க?” என்றேன்.

“அப்புறம் லீவு எங்க சார் குடுக்கப்போறாங்க? அதான் வேண்டுதல முன்னாடியே முடிச்சிட்டேன்.”

ஆள் அடையாளம் தெரியவில்லை, புதுப் படம் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கடைத்தெருவுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தார். அதற்குள் அவர் பார்க்க வந்த கம்பெனிக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த வருட முகாமுக்கும் வந்தார். தலை நிறையச் சுருட்டை முடி. விண்ணப்பத்தில் மொட்டைத் தலைப் படம்.

“நீங்க எடுக்கச் சொன்னதுதான் சார். மிச்ச காப்பிங்கள பத்திரமா வச்சிகினு இருந்தேன்,” என்று முடியைக் கோதிக்கொண்டார்.

குத்திக்காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. படத்தை மறுபடி பார்க்காமல் சீல் வைத்து உள்ளே அனுப்பினேன்.